டயட் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? உங்கள் கணக்கை நீங்களே போடும் முறை

எடையைக் குறைத்து முடித்தவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "சரி, குறைச்சாச்சு, இனிமே எவ்வளவு சாப்பிடலாம்?" பெரும்பாலானோர் செல்போனில் ஏதோ ஒரு கால்குலேட்டரில் வயதையும் உயரத்தையும் தட்டி, அது காட்டுகிற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது மாதம் பேண்ட் பட்டன் போட முடியாமல் நிற்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன். 84 கிலோவிலிருந்து 73-க்கு இறங்கி, ஒரே வருஷத்தில் 80-ஐத் தொட்டேன். இரண்டாம் தடவை 72-க்கு வந்தபோது கணக்கை வேறு மாதிரி போட்டேன். அதற்குப் பிறகு காலை நடைக்கு வரும் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதே கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் எங்கெங்கே தடுக்கினார்கள் என்பதும் இதில் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் உங்களுக்குக் கிடைக்கும் எண் உங்கள் தராசு, உங்கள் கரண்டி, உங்கள் நோட்டு ஆகிய மூன்றுக்கும் மட்டுமே செல்லும். என் எண்ணை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது, உங்கள் எண்ணைத் தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. ஏன் என்பது மூன்றாம் படியில் விளங்கும்.

(கலோரி என்று நான் எழுதுவதெல்லாம் பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சடித்திருப்பதைத்தான்.)

1. தொடங்கும் முன்பு கையில் இருக்க வேண்டியவை

ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின் ஒன்று, 100 கிராம் வித்தியாசத்தையாவது காட்டுவதாக. அதை டைல்ஸ் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். பாய் மேல் வைத்து ஒரு நாள், தரையில் வைத்து ஒரு நாள் என்று பார்த்தால் உடம்பு மாறாமலே அரைக் கிலோ மாறும்.

அடுத்து, 5 கிலோ வரை தாங்கும் சமையலறைத் தராசு. பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "ஒரு கப் சாதம்" என்று நோட்டில் எழுதிய இரண்டு பேரின் கப்பை ஒருமுறை வாங்கி எடை போட்டேன். ஒன்றில் 130 கிராம், இன்னொன்றில் 210.

ஒரு நோட்டு. செல்போன் ஆப் பழக்கமென்றால் அதுவும் சரி.

அப்புறம், யாரும் செய்யாத ஒரு வேலை: குக்கர், சாம்பார்ப் பாத்திரம், மாவு வைக்கும் டப்பா ஆகியவற்றைக் காலியாக எடை போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சமைத்த பிறகு பாத்திரத்தோடு தூக்கித் தராசில் வைத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். இந்தத் தாள் இல்லாதவர்கள் பத்து நாளில் அளப்பதையே விட்டுவிடுகிறார்கள். சூடான சாம்பாரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி அளக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் பயமோ கட்டுப்பாடிழப்போ வந்து சிகிச்சை எடுத்தவர்கள் இந்தக் கணக்கைத் தனியாகப் போட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டின் அளவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடை குறைந்த பிறகு மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம்.

2. எடையை வாரச் சராசரியாக எழுதுங்கள்

காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். தினமும். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் அந்த வாரத்தின் எடை. தனி நாள் எண்ணை எழுதியதும் மறந்துவிடுங்கள்.

காரணம் இதுதான். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் ஒரு கிலோ ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றரைக் கிலோகூட ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும். அதனால் பெண்கள் இந்த மாதவிடாய்ச் சுற்றின் முதல் வாரத்தைப் போன சுற்றின் முதல் வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால் தேவையில்லாத தலைவலிதான் மிச்சம்.

ஞாயிறு காலை மட்டும் எடை பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி என்ன சாப்பிட்டோம் என்பதைத்தான் அது சொல்லும்.

3. டயட்டின் கடைசி நான்கு வாரத்திலிருந்து எண்ணை எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராகச் சூத்திரத்துக்குப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. டயட்டில் இருந்தபோது என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு குறைந்தீர்கள் என்று எழுதி வைத்திருந்தால், உங்கள் உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்ற கணக்கு அந்த நோட்டிலேயே இருக்கிறது.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என் கணக்கைப் பாருங்கள்.

கடைசி நான்கு வாரம் நான் சாப்பிட்டது சராசரியாக நாளுக்கு 1,650 கலோரி. அதில் முதல் வாரச் சராசரி எடை 73.4 கிலோ, நான்காம் வாரச் சராசரி 72.2. குறைந்தது 1.2 கிலோ. 1.2 × 7,700 = 9,240 கலோரி. இதை 21 நாளால் வகுத்தால் 440. அதாவது, சாப்பிட்ட 1,650 போக இன்னும் 440 கலோரியை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்திருக்கிறது. 1,650 + 440 = 2,090. நான் எடை ஏறாமல் இறங்காமல் இருக்க உத்தேசமாகத் தேவைப்படுவது இவ்வளவு. பின்னால் சமநிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

நான்கு வாரம் என்றால் 28 நாள்தானே, ஏன் 21 என்று கேட்பீர்கள். எல்லாரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். முதல் வாரச் சராசரி அந்த வாரத்தின் நடுநாளைக் குறிக்கிறது, நான்காம் வாரச் சராசரியும் அப்படியே. இரண்டு நடுநாளுக்கும் இடையில் இருப்பது 21 நாள்தான். 28-ஆல் வகுத்தால் எனக்கு 330 வந்திருக்கும், நாளுக்கு 110 கலோரி குறைவாகச் சாப்பிட்டு, ஏன் இன்னும் பசிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருப்பேன்.

டயட் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர், அதற்கு 7,700 என்ற கணக்கு பொருந்தாது. "முதல் பத்து நாளில் மூணு கிலோ போச்சு" என்பதை வைத்துக் கணக்குப் போட்ட ஒரு நண்பருக்கு நாளுக்கு 3,800 கலோரி சாப்பிடலாம் என்று விடை வந்தது. பாவம், இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

இப்போது அந்தத் தராசு-கரண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எண்ணெயை எப்போதும் கொஞ்சம் குறைத்தே எழுதுகிற ஆள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் 1,650 என்று இருக்கும், வயிற்றுக்குள் போனது 1,800 ஆக இருக்கும். அப்படி இருந்தாலும் கணக்கு கெடாது. ஏனென்றால் கடைசியில் வரும் 2,090-உம் அதே குறைவான அளவையில் வந்த எண், அதே மாதிரி எழுதிக்கொண்டிருக்கும் வரை எடை நிற்கும். நடுவில் திடீரென்று ஒழுங்காக அளக்கத் தொடங்கினாலோ, அல்லது டயட் முடிந்ததே என்று தளர்ந்துவிட்டாலோதான் கணக்கு கவிழும். ஆகவே டயட் காலத்தில் எப்படி அளந்தீர்களோ அதே மாதிரி அளந்துகொண்டு போங்கள். சரியாக அளப்பதைவிட ஒரே மாதிரி அளப்பது இங்கே முக்கியம்.

4. நோட்டே இல்லை என்றால் சூத்திரம்

மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று உண்டு, கால்குலேட்டர்களில் பெரும்பாலும் உள்ளே ஓடுவது இதுதான். எடையை (கிலோவில்) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டரில்) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி இது.

64 கிலோ, 158 சென்டிமீட்டர், 38 வயதுப் பெண்ணுக்கு: 640 + 987.5 − 190 − 161 = சுமார் 1,277. உட்கார்ந்த வேலை என்றால் இதை 1.2-ஆல் பெருக்க 1,532. தினமும் கொஞ்சம் நடை, வீட்டு வேலை என்றால் 1.375-ஆல் பெருக்க 1,755.

பார்த்தீர்களா, அந்த ஒரு பெருக்கலில் 220 கலோரிக்கு மேல் வித்தியாசம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தங்களைச் "சுறுசுறுப்பான ஆள்" என்றே நினைத்து 1.55-ஐப் போடுகிறார்கள். காலையில் நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு மீதி நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு 1.375-ஏ தாராளம். சந்தேகமாக இருந்தால் சிறிய எண்ணையே எடுங்கள், அது போதாமல் இருந்தால் நான்கு வாரத்தில் தெரிந்துவிடும், கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு இரட்டைக் கணக்கு இருக்கிறது. 1.375 போட்டபோதே நடையைச் சேர்த்துவிட்டோம். அப்புறம் கையில் கட்டியிருக்கும் வாட்ச் "320 கலோரி எரித்தீர்கள்" என்று காட்டியதும் அதையும் சாப்பாட்டில் கூட்டிக்கொள்கிறார்கள். ஒரே நடைக்கு இரண்டு தடவை கூலி! வாட்ச் காட்டுவதை மறந்துவிடுங்கள்.

பழைய எடையைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதே பெண் 74 கிலோவில் இருந்தபோது 1.375-க்கு 1,893 வந்திருக்கும். பத்துக் கிலோ குறைந்த பிறகு உடம்பு சின்னதாகிவிட்டது, சின்ன உடம்புக்குத் தீனியும் குறைவு. "கல்யாணத்துக்கு முன்னாடி இதே சாப்பாடுதான், ஏறவே இல்லையே" என்பது எடுபடாது.

சூத்திரம் சொல்வதில் நூறு கலோரி கழித்துத் தொடங்குவது என் வழக்கம். அதற்கு இரண்டு காரணம். இந்தச் சூத்திரம் 1990-இல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து வந்தது. அதே உயரம் எடையில் இருக்கும் வெள்ளைக்காரரைவிட நம்மவர் உடம்பில் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல், தசை குறைந்தால் செலவும் குறையும். இரண்டாவது, டயட்டில் இருந்து வந்த உடம்பு கொஞ்சம் சிக்கனமாகவே இருக்கும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றுக்காக மிகக் கடுமையாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்தார்கள், அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. நிதானமாகக் குறைத்த நமக்கு அந்த அளவு இருக்கும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் சூத்திரத்துக்கு இந்தச் சிக்கனம் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அட்டவணையில் உட்கார்ந்த வேலை செய்யும் 65 கிலோ ஆணுக்கு 2,110, 55 கிலோ பெண்ணுக்கு 1,660 என்று இருக்கும். நல்ல அட்டவணைதான், ஆனால் அது மொத்த மக்களுக்கானது. உங்கள் எண்ணை அதிலிருந்து எடுக்காதீர்கள்.

5. வீட்டுச் சமையலை அளப்பது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பாக்கெட் உணவு சாப்பிடுகிறவனுக்குக் கணக்கு சுலபம், பின்பக்கம் பார்த்து எழுதிவிடலாம். நம் வீட்டுச் சாம்பாருக்குப் பின்பக்கம் எதுவும் அச்சடித்திருக்காது.

சாதத்தில் தொடங்குவோம். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, நூறு கிராம் சாதத்தில் சுமார் 130. இரண்டையும் குழப்பி, தட்டில் இருக்கும் 200 கிராம் சாதத்துக்கு 700 கலோரி எழுதி, நடுங்கிப்போய்ச் சாதத்தையே விட்டவரை எனக்குத் தெரியும். சரியான வழி: அரிசியைக் கழுவும் முன் எடை போடுங்கள், வெந்த பிறகு குக்கரோடு எடை போடுங்கள். 300 கிராம் அரிசி 840 கிராம் சாதமானால், மொத்தம் 1,050 கலோரி, நூறு கிராம் சாதத்துக்கு 125. புழுங்கலரிசி, பச்சரிசி, குழைய வைப்பது, உதிரியாக வடிப்பது என்று தண்ணீருக்குத் தகுந்தபடி மாறும் என்பதால் உங்கள் வீட்டு விகிதத்தை ஒருமுறை கண்டுபிடித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தினமும் செய்ய வேண்டியதில்லை.

தோசை மாவும் இதே முறைதான். 800 கிராம் இட்லி அரிசியும் 200 கிராம் உளுந்தும் போட்டால் மொத்தம் சுமார் 3,450 கலோரி. அரைத்து முடித்ததும் மாவு 2,400 கிராம் இருந்தால், நூறு கிராம் மாவில் 144. ஒரு கரண்டி 70 கிராம் பிடித்தால் ஒரு தோசைக்கு நூறு கலோரி, மேலே ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு இன்னும் 40. இட்லி ஏன் காப்பாற்றுகிறது என்பதும் இதிலேயே தெரியும், அந்த 40 அதில் இல்லை.

சாம்பார், கூட்டு, குழம்பு எல்லாவற்றிலும் கலோரி வருவது பருப்பு, எண்ணெய், தேங்காய் மூன்றிலிருந்துதான். வெண்டைக்காயையும் கத்தரிக்காயையும் கிராம் கிராமாக எழுதிக்கொண்டிருக்காதீர்கள். புளி, மிளகாய்த்தூளையும் விட்டுவிடலாம். தேங்காய்த் துருவலை மட்டும் விடாதீர்கள், நூறு கிராமில் 350 கலோரிக்குக் குறையாது. சட்னியில் "கொஞ்சம் தேங்காய்" என்பது எங்கள் வீட்டில் 80 கிராமாக இருந்தது.

எண்ணெய்க்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஒவ்வொரு தாளிப்பையும் ஸ்பூன் வைத்து அளக்கச் சொன்னால் சமைக்கிறவர் கரண்டியாலேயே அடிப்பார். அதனால் மாதக் கணக்காகப் பாருங்கள். நாலு பேர் வீட்டில் மாதம் இரண்டரை லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், அது சுமார் 2,300 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 20,700. முப்பது நாளாலும் நாலு பேராலும் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 170 சொச்சம். நோட்டில் தினமும் காலையிலேயே "எண்ணெய் 170" என்று எழுதிவிட்டு அந்தக் கவலையை விடுங்கள். தோசைக்கு எண்ணெயைத் தனியாக எழுதுகிறவர்கள் இதில் மறுபடி சேர்க்க வேண்டாம், இரண்டில் ஒரு முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொரித்து மிச்சமான எண்ணெயைக் கொட்டுகிற வீடாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

டீ, காபி. ஆவின் பாக்கெட்டை எடுத்துக்கொண்டால் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நூறு மில்லிக்கு நீலம் 60 கலோரிக்குப் பக்கம், ஆரஞ்சு 90-க்குப் பக்கம். சர்க்கரை ஒரு டீஸ்பூன் 20. ஆரஞ்சுப் பாலில் நூறு மில்லி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு மூன்று தடவை என்றால் 390 கலோரி. என் டயட்டுக்கும் சமநிலைக்கும் இடையே இருந்த மொத்த வித்தியாசமே 440தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உணவு அட்டவணை பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையில் ஆற்றலைக் கிலோஜூலில் போட்டிருக்கிறார்கள். அரிசிக்கு நேரே 1,490-ஐ ஒட்டி ஓர் எண்ணைப் பார்த்தால் மயங்கி விழாதீர்கள், 4.184-ஆல் வகுத்தால் நமக்குத் தெரிந்த 356 வந்துவிடும்.

ஹோட்டலில் சாப்பிட்டதற்குத் துல்லியமே கிடையாது. வீட்டுக் கணக்கில் எழுதி, கால் பங்கு கூட்டிக்கொள்வேன். அவ்வளவுதான் செய்ய முடியும்.

6. இரண்டே தாவலில் ஏற்றுங்கள்

டயட்டில் 1,650, இலக்கு 2,090. முதல் வாரம் 1,850, இரண்டாம் வாரத்திலிருந்து 2,090. இவ்வளவே போதும்.

வாரத்துக்கு 50 கலோரி வீதம் மெல்ல மெல்ல ஏற்றினால் உடம்பின் செலவும் கூடவே ஏறும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. நான் ஏற்கவில்லை. 50 கலோரி என்பது ஒரு டீஸ்பூன் எண்ணெயைவிடச் சற்றே அதிகம், அதை வீட்டுச் சமையலில் யாரால் கண்டுபிடிக்க முடியும்? ஒன்பது வாரம் கூடுதலாகப் பசியோடு இருப்பதுதான் மிச்சம். பிறகு ஏன் ஒரே தாவலாகப் போகக்கூடாது என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரேயடியாக விட்டால் கை 2,090-இல் நிற்பதில்லை, 2,500-க்குப் போய்விடுகிறது. நடுவில் ஒரு படி வைப்பது கைக்காகத்தான்.

எதைக் கூட்டுவது? நேரம் குறிப்பிட்டுக் கூட்டுங்கள். மதியம் சாதம் கூடுதலாக நூறு கிராம், மாலையில் 25 கிராம் வேர்க்கடலை, இரவு ஒரு தோசை கூட. இந்த மூன்றிலேயே நானூறு வந்துவிடும். "அப்பப்போ கொஞ்சம் கூட சாப்பிட்டுக்கலாம்" என்று முடிவு செய்தவர்களில் ஒருவர்கூட நின்றதை நான் பார்க்கவில்லை. கூட்டுவதில் ஒரு பங்காவது முட்டை, மீன், சுண்டல், தயிர், பன்னீர் என்று புரதமாக இருந்தால் பசி அடங்கும். எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று கணக்கு வைத்தால் எனக்கு 86 கிராம் தேவை. நம் சைவச் சாப்பாட்டில் அது தானாக வந்துவிடாது, திட்டமிட வேண்டும்.

7. முதல் பத்து நாளில் எடை ஏறும், கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சாதம் கூடியதும் கல்லீரலும் தசைகளும் காலியாகிக் கிடந்த மாவுச்சத்துக் கையிருப்பை நிரப்பிக்கொள்ளும். முழுதாக நிரம்பினால் அது நானூறு ஐநூறு கிராம் வரை போகும், ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் போலத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளும். குடலிலும் முன்பைவிட உணவு அதிகமாக இருக்கும். ஆக, ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும். ஒரு துளிக் கொழுப்புகூடக் கூடாமலே ஏறும். எனக்கு 72.2 என்பது மூன்றாம் வாரம் 73.2 ஆனது.

சந்தேகமிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் செலவுக்கு மேலே 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். பத்து நாளில் என்றால் தினமும் 770 கூடுதல். நோட்டைப் பாருங்கள், அவ்வளவு சாப்பிட்டிருக்கிறீர்களா?

இந்தப் பத்து நாளில்தான் பாதிப்பேர் விழுகிறார்கள். "பாத்தியா, ஏறிடுச்சு" என்று பயந்து மறுபடி 1,400-க்கு இறங்குவார்கள், தண்ணீர் வடிந்து எடை இறங்கும், அதை நம்பிப் பட்டினி கிடப்பார்கள், ஒருநாள் தாங்காமல் எல்லாவற்றையும் சாப்பிடுவார்கள். இந்தச் சுற்றில் சமநிலை எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே இலக்கு எடையைத் தொட்டதும் நிறுத்தாமல், இன்னும் ஒரு கிலோ கீழே போய் நிறுத்துங்கள். 73 வேண்டுமென்றால் 72-இல் நிறுத்துங்கள். தண்ணீர் திரும்ப வந்த பிறகு சரியாக இருக்கும்.

8. நான்கு வாரம் ஒரே எண், அப்புறம் திருத்தம்

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை எதையும் மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் தெரியும், தண்ணீர்.

எனக்கு மூன்றாம் வாரச் சராசரி 73.2, ஆறாம் வாரம் 73.6. ஏற்றம் 0.4 கிலோ. 0.4 × 7,700 = 3,080, 21-ஆல் வகுத்தால் 147. நாளுக்கு 147 கலோரி கூடுதலாகப் போகிறது. 2,090 − 147 = 1,943. 1,950 என்று வைத்துக்கொண்டேன்.

டயட் நோட்டு சொன்னதைவிட ஏன் குறைந்தது என்று யோசித்ததில் இரண்டு விஷயம் அகப்பட்டது. ஒன்று, பையன் மிச்சம் வைக்கும் தட்டு. டயட்டில் இருந்தபோது தொட மாட்டேன், முடிந்ததும் தொடத் தொடங்கினேன், நோட்டில் எழுதவில்லை. இன்னொன்று நடை. 72 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் நடந்தால் சும்மா இருப்பதைவிட 180, 200 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரத்தில் ஆறு நாள் நடந்தவன் நாலு நாள் ஆக்கியிருந்தேன். கலோரியைக் குறைப்பதா, நடையைப் பழையபடி கொண்டுவருவதா என்பது உங்கள் விருப்பம், எதையாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.

மூன்று வாரத்தில் மாற்றம் 0.2 கிலோவுக்குள் இருந்தால் எதையும் தொடாதீர்கள், அது வெறும் ஆட்டம். இறங்கிக்கொண்டே போனால் அதே கணக்கில் கூட்டுங்கள். இறங்கினால் நல்லதுதானே என்று விடுகிறவர்கள் இரண்டு மாதம் கழித்துப் பசியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

9. கல்யாண வீடும் தீபாவளியும்

1,950 என்பது ஒவ்வொரு நாளுக்கும் கட்டாயம் என்று நினைக்க வேண்டாம், வாரத்துக்கு 13,650 என்று பாருங்கள். ஞாயிறு பிரியாணியோடு 2,550 ஆனால் மீதி ஆறு நாளும் 1,850. முன்கூட்டியே குறைப்பதைவிடப் பின்னால் குறைப்பது எனக்குச் சரிப்படுகிறது. பட்டினியோடு பந்தியில் உட்கார்ந்தால் இலையில் எதுவும் மிஞ்சாது.

விசேஷத்துக்கு மறுநாள் எடை பார்க்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். பாருங்கள், எழுதுங்கள். ஒன்றரைக் கிலோ ஏறியது நாலு நாளில் இறங்குவதை இரண்டு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் பயமே வராது.

10. எல்லைக் கோடு

ஆறாம் வாரத்துக்குப் பிறகு நின்ற சராசரியை எடுத்து, அதற்கு மேலே ஒரு கிலோ, கீழே ஒரு கிலோ எல்லை வையுங்கள். எனக்கு 72.5-லிருந்து 74.5 வரை. வாரச் சராசரி இதற்குள் இருக்கும் வரை சாப்பாட்டை எடைபோட வேண்டிய அவசியமே இல்லை, கைக்கு அளவு பழகியிருக்கும்.

தொடர்ந்து இரண்டு வாரச் சராசரி மேல்கோட்டைத் தாண்டினால் தராசை மறுபடி வெளியே எடுங்கள், ஒரு வாரம் சும்மா அளந்து மட்டும் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய், டீ, மாலை நொறுக்குத்தீனி மூன்றில் ஒன்று பெருத்திருக்கும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தும் இறங்கவில்லை என்றால் மட்டும், எல்லைக்குள் திரும்பும் வரை 300 கலோரி குறையுங்கள்.

வேலை மாறினால், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனால், கால் சுளுக்கி ஒரு மாதம் நடக்காமல் இருந்தால், எட்டாம் படிக்குப் போய் நான்கு வாரக் கணக்கை மறுபடி போடுங்கள். சமையல் கை மாறினாலும் அப்படித்தான். அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் எங்கள் வீட்டில் சமைத்தபோது எண்ணெய் மாதம் மூன்றேகால் லிட்டர் ஆனது. காலையில் எழுதும் 170-ஐ 225 ஆக்கி, சாதத்தில் ஐம்பது கிராம் குறைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.